பேச்சினுள் ஓடும் பேச்சு

உரையாடலில் தயங்குவோரைச் செருக்குடையோர் எனத் தீர்ப்பது அறமாகுமா? வியன்னா மருத்துவர் ஆஸ்பெர்கர் 1944-இல் விவரித்த இயல்பு, 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தால் ஆட்டிசத்துள் அடக்கப்பட்டது. அவ்வியல்புடையோர் பலருக்குப் பேசும்போதே உள்ளே வேறொரு பேச்சு ஓடும்: முகம் பார்த்தேனா? குரல் உயர்ந்ததா? இப்போது பேசலாமா? எண்ணி முடிப்பதற்குள் பேச்சு வேறிடம் சென்றுவிடும்.

பெரம்பலூரிலோ அரியலூரிலோ, திருமண வீட்டில் முறை சொல்லி நலம் விசாரிக்காத பிள்ளையைத் 'திமிர்' என்பர். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை ஏற்றுள்ளது. நம் நாவும் ஏற்க வேண்டாமா?

மௌனத்தை நோன்பெனப் போற்றுகிறோம். நோன்பின் மௌனம் விரும்பி ஏற்பது. இவர்களுடையது எண்ணங்களின் நெரிசலால் நேர்வது. நம் கடுஞ்சொல் அந்நெரிசலில் இன்னுமொரு வினாவைச் சேர்க்கும், அதுவும் இம்சையே. விடைக்குச் சற்றே காத்திருப்போமாக.