காட்சியும் கருதலும்: தோல்நோய்ப் படமொன்றை முன்வைத்து

ஒருவன் நோயுற்றிருக்கின்றான் என அறுதியிட்டுக் கூறும் உரிமை யாருக்குரியது? நோவை அனுபவிப்பவனுக்கா, அன்றி அவனுடலின் உள்ளே நிகழ்வதைப் படமாக்கிக் காட்டும் கருவிக்கா? அறிவாராய்ச்சியியலுக்கும் அறவியலுக்கும் பொதுவான இவ்வினா, மருத்துவக் கருவிகள் நுட்பம் பெறுந்தோறும் கூர்மையடைந்து வருகின்றது. சொரியாசிஸ் என்னும் தோல்நோயைக் கொண்டு இதனை நோக்குதல் பொருத்தமுடையது. எல்லோர் கண்ணுக்கும் புறத்தே தெரிவதாயிருந்தும், அக்கண்களாலேயே நெடுங்காலம் பிழைபட அறியப்பட்ட நோய் அது.

வெண்செதில் படர்ந்த தடிப்புகளைத் தோற்றுவிக்கும் இந்நோய் தொற்றுவதன்று. எனினும் ஐரோப்பாவில் அது தொழுநோயோடு மயங்க வைத்தெண்ணப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதன் வடிவங்களைச் செம்மையாக விவரித்த இலண்டன் மருத்துவர் ரொபேட் வில்லன்கூட 'லெப்ரா' என்ற பெயரை முற்றாகக் கைவிடவில்லை. 1841இல் வியன்னாவில் பேர்டினன்ட் ஹெப்ராவே இதனைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். பெயர்மயக்கம் ஒன்று எத்தனை பேரை ஊருக்குப் புறத்தே நிறுத்தியிருக்கும் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

செதிலை உரித்தால் குண்டூசி முனையளவான குருதித்துளிகள் அரும்புவதுண்டு. வியன்னா மருத்துவர் அவுஸ்பிற்ஸின் பெயரால் வழங்கும் குறி இது. உட்டோல் முளைகளிலுள்ள மயிர்க்குழாய்கள் நீண்டு, விரிந்து, முறுக்குண்டு மேற்பரப்பை அணுகி நிற்பதும், அவற்றின் மேலுள்ள மேற்றோல் மெலிந்திருப்பதுமே இதற்குக் காரணம். இன்று அக்குழாய்களைக் காண எதனையும் உரிக்க வேண்டியதில்லை. 1991இல் வெளியிடப்பட்ட ஒரு முறை, அகச்சிவப்பொளியைத் திசுவினுட் செலுத்தி, மீண்டுவரும் ஒளியிலிருந்து குறுக்குவெட்டுப் படத்தை அமைத்தது. அதன் வழிவந்த கருவிகள் இன்று குருதிக்குழாய்களையும் வரைந்து காட்டுகின்றன.

இப்படத்தைப் பார்ப்போர் உள்ளதை உள்ளவாறே கண்டதாகக் கருதுவர். உண்மையில் அங்கு நிகழ்வது யாது? கருவி ஒரே இடத்தை மீண்டும் மீண்டும் வருடுகின்றது. அடுத்தடுத்த பதிவுகளில் மாறாதன அசையாத் திசுவெனவும், மாறுவன ஓடுங் குருதியெனவும் கொள்ளப்படுகின்றன. மாறாதவற்றை நீக்கியபின் எஞ்சுவதே 'குழாய்'. குருதி ஓட்டம் நின்றுபோன குழாய் அப்படத்தில் தோன்றுவதில்லை. புகையைக் கண்டு நெருப்பைத் துணிவதற்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடில்லை. அளவை நூலார் மொழியிற் கூறின், இது காண்டலன்று, கருதல்.

சிவஞானசித்தியாரின் அளவையியலில் அருணந்தி சிவாசாரியார் காண்டலை நான்காக வகுக்கின்றார். அவற்றுள் ஒன்று தன்வேதனைக் காட்சி. இன்பதுன்பங்களை உயிர் தானே நேராக அறிதல். (வேதனை என்னுஞ் சொல் இங்கு அனுபவ அறிவைக் குறிப்பது, இன்றைய வழக்கிலுள்ள பொருள் மட்டுமன்று.) இவ்வகுப்பை ஏற்போமாயின் நடைமுறையிலுள்ள மதிப்பீடு தலைகீழாகின்றது. 'புறவயமானது' எனப் போற்றப்படும் படம் அனுமானம்; 'அகவயமானது' எனத் தள்ளப்படும் அரிப்பே காட்சி.

நோயாளி தவறலாம், மிகைப்படுத்தலாம் என்பர். உண்மையே. ஆயின் அவன் தவறுவது அரிப்பின் காரணத்தைக் கூறும்போதே, அரிப்பு உண்டென்பதிலன்று. மயிர்க்குழாயின் முறுக்கைப் பற்றி அவன் ஏதும் அறியான். அங்கே கருவியின் கருதல் இன்றியமையாதது. கறுத்த மேனியில் நோயின் செம்மை ஊதாவாகவோ கபிலமாகவோ தோன்றுவதால், வெண்டோலைப் பார்த்துப் பழகிய கண் நோயின் கடுமையைக் குறைத்து மதிப்பிடுகின்றது. குருதியோட்டத்தையே நோக்கும் கருவி இவ்வநீதியைக் குறைக்க வல்லது. இதனைச் சிறிய நன்மையென ஒதுக்கலாகாது.

இடர்ப்பாடு வேறோரிடத்தில் உள்ளது. சிகிச்சையால் மேற்புறந் தெளிந்த பின்னரும் உள்ளே மாற்றங்கள் எஞ்சியிருத்தல் கூடும். எதிர்ப்பாற்றலைத் தாழ்த்தும் மருந்தொன்றை அப்போதும் தொடர்வதா? நலமாயிருக்கிறேன் என்பவனை நோயாளி என்கின்றது படம். மறுபுறம், படத்தில் குழாய்கள் சீரடைந்த பின்னரும் ஒருத்தி உறக்கமின்றிச் சொறியக்கூடும். அவளைக் குணமடைந்தவள் என்கின்றது அதே படம். முன்னவனிடத்துப் படம் வருவதுரைக்கும் எச்சரிக்கை. ஏற்பதும் மறுப்பதும் அவன் உரிமை. பின்னவளிடத்து அதற்கு அவ்வுரிமைகூட இல்லை; அவள் கண்டதை அனுமானத்தைக் கொண்டு மறுப்பது அளவைக்கும் அறத்துக்கும் ஒருங்கே முரணாகும்.

1978இல் வகுக்கப்பட்டு இன்றும் ஆய்வுகளில் வழங்கிவரும் கடுமைச் சுட்டெண், நோயின் பரப்பு, செம்மை, தடிப்பு, செதில் ஆகியவற்றைக் கணித்து 72 வரை புள்ளியிடுகின்றது. அரிப்புக்கு அதில் ஒரு புள்ளியேனும் இல்லை. 1994இல் பிரித்தானியாவில் வெளியான பத்து வினாக்கள் கொண்ட வாழ்க்கைத்தர வினாத்தாளோ, கடந்த ஒரு வாரத்தில் தோலில் அரிப்பும் நோவும் எரிவும் எவ்வளவு இருந்தன என்று வினவியே தொடங்குகின்றது. அவ்வினாவுக்கு விடையிறுக்கும் கருவி எதுவும் இதுவரை அமைக்கப்படவில்லை. நோயாளியின் கையிலேயே தாளைக் கொடுக்கின்றனர்.