வென்றவன் பெருமை யாருக்கு உரியது?

முன்னோர் செய்த போரில் பின்னோர்க்குப் பங்கு உண்டா? தந்தை வைத்த வீடு மகனுக்கு உரியது. தந்தை பட்ட கடனும் அவன் தலையில்தான் விழும். ஆனால், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் அரசன் ஈட்டிய வெற்றியை நமதென்று எடுத்துக்கொள்ளும்போது வரவை மட்டும் எழுதிக்கொள்கிறோம்; கடனைப் பற்றி வாய் திறப்பதில்லை. இந்த எண்ணம் எனக்கு நூல்களிலிருந்து வந்ததன்று. நெகிரி செம்பிலான் தோட்டப் பள்ளி ஒன்றில் நானே எழுதி அரங்கேற்றிய நாடகத்தால் வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் பள்ளிப் பரிசளிப்பு விழாவுக்காகக் 'கடாரம் கொண்டான்' என்னும் அரைமணி நேர நாடகத்தை எழுதினேன். முதலாம் இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவில் கடல் கடந்து படை செலுத்திய வரலாறே கதை. சோழனாக நடிக்கப் பத்து மாணவர்கள் போட்டியிட்டனர். கடாரத்தரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனாக நடிக்க ஒருவனும் முன்வரவில்லை; அதிகம் பேசாத மாணவன் ஒருவனை நானே நிறுத்தினேன். இறுதிக் காட்சியில் அவனைக் கயிற்றால் கட்டி இழுத்து வந்தபோது பெற்றோர் கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. எனக்கும் பெருமிதமாகவே இருந்தது.

விழா முடிந்தபின் எங்கள் பள்ளி ஜாகா, மலாய்ப் பெரியவர், நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே என்னிடம் கேட்டார்: கட்டுண்ட அந்த அரசர் எந்த நாட்டவர்? நான் சற்றுத் தடுமாறி, "பழங்காலத்து அயல்நாட்டு அரசர்" என்று மலாய் மொழியில் சொல்லிவிட்டு நகர்ந்தேன். அவர் பிறந்த மாநிலம் கெடா. கடாரம் என்று நாம் பாடுவது அந்த மண்ணைத்தான். அன்று காலையில்தான் ஆறாம் ஆண்டு மாணவர்க்கு வாய்மையைப் பற்றிப் பாடம் நடத்தியிருந்தேன்.

ஏன் மறைத்தேன்? சண்டை வரும் என்ற அச்சமன்று. அவர் சண்டைக்காரர் அல்லர். மகிழ்வுடன் மேடையில் சொன்ன ஒன்றை, அது யாரைப் பற்றியதோ அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை. அப்படிச் சொல்ல முடியாத பெருமை எத்தகைய பெருமை?

அந்த வினாவுடன் வரலாற்றை மீண்டும் படித்தேன். இராசராசன் காலத்தில் கடாரத்தரசன் மாறவிசயோத்துங்கவர்மன் நாகப்பட்டினத்தில் தன் தந்தை பெயரால் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியை எழுப்பினான். சைவனாகிய இராசராசன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரையே கொடையாக அளித்தான். தந்தையின் அக்கொடை நிலைபெறுமாறு செப்பேட்டில் பொறிக்கச் செய்தவன் இராசேந்திரன். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. அதே இராசேந்திரனின் கப்பல்கள் கடாரத்தைத் தாக்கின. அவன் மெய்க்கீர்த்தி ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம் என ஊர்களை அடுக்குகிறது. யானைகளோடு அரசனைப் பிடித்ததையும், பெருநிதியையும் நகர்வாயில் தோரணத்தையும் கவர்ந்ததையும் கூறுகிறது. நட்பு ஏன் பகையாயிற்று என்று மட்டும் கூறவில்லை. சீன வாணிகம் செல்லும் கடல்வழியே காரணம் என்பர் வரலாற்றாசிரியர் சிலர். கப்பலில் சென்ற படைவீரருள் எத்தனை பேர் ஊர் திரும்பினர் என்பதும் அக்கல்லில் இல்லை.

நான் எழுதிய இறுதிக் காட்சியை உரோமாபுரி ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அரங்கேற்றிவிட்டது. வென்ற தளபதி தேரில் வருவான். தோற்ற அரசன் சங்கிலியில் நடந்து வருவான். நுமிடியா நாட்டரசன் யுகுர்த்தா கி.மு. 104இல் அவ்வாறு வீதியுலா கொண்டுவரப்பட்டுச் சிறையில் மாண்டான். ஆயினும் அதே உரோமில் வேறொரு செய்தியும் உண்டு. கி.மு. 146இல் கார்த்தேசு நகரைத் தீக்கிரையாக்கிய சிப்பியோ, எரியும் நகரைக் கண்டு, தன் நகருக்கும் ஒருநாள் இக்கதி நேரலாம் என்று கண்ணீர் விட்டானாம். அருகில் நின்ற கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியசு எழுதிவைத்தார். அழுதவன் தீயை அணைக்கவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எழுதுவோன் கடமை யாது என்ற வினா இங்கே எழுகிறது. உரோமானியரின் இலத்தீன் மொழியைக் கற்றறிந்த அமெரிக்க எழுத்தாளர் தோரோ, அடிமை முறையைக் காத்து, மெக்சிகோவின்மேல் போர் தொடுத்த அரசுக்கு வரி செலுத்த மறுத்து 1846இல் ஓரிரவு சிறையிலிருந்தார். ஓரிரவுதான், யாரோ வரியைக் கட்டி அவரை விடுவித்துவிட்டனர். அந்த ஓரிரவிலிருந்து பிறந்த கட்டுரை பின்னர் காந்தியடிகளுக்கும் துணையாயிற்று.

நமக்கு அண்மையான எடுத்துக்காட்டு அகிலன். 1922இல் புதுக்கோட்டையை அடுத்த பெருங்களூரில் பிறந்து, இரயில்வே அஞ்சல் பிரிவில் பணிபுரிந்தவர். இராசேந்திரனைத் தலைவனாக வைத்து அவர் எழுதிய 'வேங்கையின் மைந்தன்' 1963இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றது. என் இளமையில் அதைத் தூங்காமல் படித்தேன். பின்னர் அவர் மலேசியா வந்து தோட்டங்களைக் கண்டார். 'பால்மரக் காட்டினிலே' என்ற நாவலில் நம் பால்மரத் தொழிலாளரின் வாழ்வை எழுதினார். வேங்கைக் கொடி பறந்த கடலைக் கடந்து வந்தவர் இங்கே கண்டவர்கள் வெற்றிவீரரின் பேரர்கள் அல்லர். கங்காணி ஆளெடுப்பில் வந்தவரின் பேரர்கள். இரண்டு நூல்களையும் ஒருவரே எழுதினார் என்பதை மாணவர்க்குச் சொல்லும் ஆசிரியர் எத்தனை பேர்? நானும் சொன்னதில்லை.

நம் தோட்டத்து மக்கள் உண்மையில் கண்ட போர் வேறு. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சப்பானியர் 415 கிலோமீட்டர் சயாம் இரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழரைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டு சென்றனர். என் பாட்டனாரின் தம்பியும் லயத்திலிருந்து போனவர், வரவில்லை. அவருக்கு மெய்க்கீர்த்தி இல்லை. எங்கள் வீட்டில் அவருடைய படம்கூட இல்லை. யாரோ ஓர் ஏகாதிபத்தியத்தின் வெற்றிக் கணக்கில் அவர் ஒரு செலவு. இதை அறிந்த குடும்பத்தில் பிறந்தவனே கட்டுண்ட அரசனைக் கண்டு கைகொட்டினேன்.

என் ஆசிரிய நண்பர் ஒருவர் இதை ஒப்பவில்லை. "கூலியின் பிள்ளை என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இராசேந்திரனையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன?" என்று கேட்டார். எளிதில் தள்ளத்தக்க வினாவன்று. சிறுவயதில் சோழன் பெயர் கேட்டுத் தலைநிமிர்ந்தவருள் நானும் ஒருவன். இரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாகி, லயங்கள் இடிபட்ட பின்னும் அந்தப் பெயர் பலருக்குத் துணையாய் இருந்திருக்கிறது. ஆனால் தலைநிமிர வேறு ஆளே இல்லையா? மலையமான் மக்களாகிய சிறுவரை யானைக்காலில் இட முனைந்தான் கிள்ளிவளவன். கோவூர்கிழார் அவன்முன் நின்று, யானையைக் கண்டு அழுகையை மறந்து, கூட்டத்தை வெருண்டு நோக்கும் அப்பிள்ளைகளைக் காட்டினார். புறநானூற்றில் உள்ள செய்தி இது. படையற்ற ஒருவர் சொல்லால் அரசனைத் தடுத்து நின்ற அந்த நொடியும் நம்முடையதுதானே? சோழனை நாடகமாக்கிய நான் கிழாரை நாடகமாக்க நினைத்ததில்லை.

ஒரு வாரம் கழித்து ஜாகாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்தார், ஆயிரம் ஆண்டுக் கதைக்கு இத்தனை வருத்தமா என்றார். மெர்போக் ஆற்றங்கரைப் பக்கம் பூஜாங் பள்ளத்தாக்கில் மண்ணுக்கடியிலிருந்து வெளிவந்த கோயில் அடித்தளங்களைத் தாம் சிறுவயதில் பார்த்ததாகச் சொன்னார். பிறகு, அந்த அரசர் வீடு திரும்பினாரா என்று கேட்டார். மெய்க்கீர்த்தி அதைச் சொல்லவில்லை என்றேன்.

இப்போது அந்த நாடகத்தைத் திருத்தி எழுதிவருகிறேன். நாகப்பட்டின விகாரமும் ஆனைமங்கலக் கொடையும் முதற்காட்சியாகிவிட்டன. கடாரத்தரசன் வேடத்துக்கு இம்முறையும் ஆள் கிடைப்பது அரிதாகவே இருந்தது. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் மட்டும் தயங்கித் தயங்கி வந்து, கட்டப்படுவதற்கு முன் அந்த அரசனுக்குப் பேச வசனம் உண்டா என்று கேட்டான். உண்டு என்றேன். இன்னும் எழுதி முடிக்கவில்லை.