நீர் என்ன தொழில் செய்கிறீர்?

இராணுவ மருத்துவர் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது போர்க்களமே. குண்டடிபட்டவனைத் தூக்கி வருகிறார்கள். மருத்துவர் பெருகும் குருதியை நிறுத்துகிறார். அப்பணியின் மேன்மையை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால் இராணுவ மருத்துவமனைகளில் வேறொரு மருத்துவரும் இருக்கிறார். அவர்முன் வந்து அமர்பவரிடம் காயம் ஏதும் இராது. அவர் விமான எந்திரம் பழுதுபார்ப்பவராகவோ, கப்பலுக்கு வண்ணம் பூசுபவராகவோ, துப்பாக்கிப் பயிற்சிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்குபவராகவோ இருப்பார். அவரைச் சோதிக்கும் தொழில்நல மருத்துவரின் பணியில் மறைந்து கிடக்கும் அறக்கேள்வி ஒன்றை இங்குச் சிந்திக்க விழைகிறோம்.

இத்துறையின் தந்தை எனப் போற்றப்படுபவர் இத்தாலியரான பெர்னார்தினோ ராமஸ்ஸினி. மோதெனா நகரில் அவர் வாழ்ந்த இல்லத்தின் கழிவுக் குழியைத் தூய்மை செய்ய ஒருவர் வந்தார். அவர் மூச்சிரைக்க விரைவதைக் கண்ட ராமஸ்ஸினி, ஏன் இத்தனை அவசரம் என்று வினவினார். அதற்குள் நெடுநேரம் நின்றால் கண்பார்வை போய்விடும், செய்து பார்த்தவர்க்கே அது தெரியும் என்று அத்தொழிலாளி விடையளித்தார். மருத்துவர் அவருடைய சிவந்து மங்கிய கண்களைச் சோதித்தார். அந்த இரக்கத்திலிருந்து பிறந்ததே, தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700-இல் அவர் வெளியிட்ட இலத்தீன் நூல். ஹிப்போக்கிரட்டீஸ் மரபில் மருத்துவர் நோயாளியிடம் கேட்கவேண்டிய கேள்விகளோடு, ‘நீர் என்ன தொழில் செய்கிறீர்?’ என்பதையும் சேர்க்கவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார்.

இக்கேள்வியைப் படைவீரனிடம் கேட்டால் என்ன விடை கிடைக்கும்? போரில்லாக் காலத்திலும் படை ஒரு பெரும் தொழிற்கூடமே. மூடிய பயிற்சிக்கூடத்தில் சுடும்போது ஈயத்தூள் காற்றில் கலந்து, மூச்சோடு குருதியில் சேர்கிறது. பழைய போர்க்கப்பல்களில் வெப்பம் தடுக்கப் பொதிந்த கல்நார், பல ஆண்டுகள் கழித்து நுரையீரலில் புற்றாக வெளிப்படுகிறது. நாள்தோறும் எட்டுமணி நேரம் 85 டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சலில் உழைப்பவரின் செவி மெல்ல மெல்லக் கெடுகிறது. உட்செவியின் நுண்ணிய மயிர் உயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. எனவே மருத்துவர் பணியில் சேரும் நாளிலேயே கேள்திறனை அளந்து குறித்துவைக்கிறார். ஆண்டுதோறும் மீண்டும் அளந்து ஒப்பிடுகிறார்.

இங்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பே. உயிரையே தருவதாக வாக்களித்துப் படையில் சேர்ந்தவனுக்குச் செவியைப் பற்றிய கவலை எதற்கு? பெரிய தியாகத்துக்கு இசைந்தவன் சிறிய தீங்குகளுக்கும் இசைந்தவன் அன்றோ? மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இது சரியான வாதமாகத் தோன்றும். ஆனால் இரண்டை வேறுபடுத்திக் காணவேண்டும். நாட்டைக் காக்கும் நோக்கத்தால் தவிர்க்கவியலாது வரும் ஆபத்து ஒன்று. அசட்டையாலும் சிக்கனத்தாலும் வரும் கேடு மற்றொன்று. வீரன் இசைந்தது முன்னதற்கு மட்டுமே. பகைவனின் குண்டுக்கு மார்பைக் காட்டியவன், தன் தளத்துக் குப்பையின் புகைக்கு நுரையீரலைக் காணிக்கையாக்கவில்லை. தியாகம் என்பது தருபவனுடைய செயல். அவன் தராததை எடுத்துக்கொள்வதற்கு அப்பெயர் பொருந்தாது.

ஆயினும் மருத்துவரின் நிலை எளிதன்று. அவருக்கு ஊதியம் தருவது படை. அவரை நம்பி உடலைக் காட்டுவது வீரன். செவித்திறன் குன்றிய விமானி ஒருவன், ‘ஐயா, இதை எழுதவேண்டாம், எழுதினால் என் பறத்தல் முடிந்துவிடும்’ என்று மன்றாடுவதாகக் கொள்வோம். எழுதினால் ஒருவன் வாழ்வு கெடும். எழுதாவிடில் அவனோடு பறப்பவர்களின் உயிருக்கு யார் பொறுப்பு? பன்னாட்டுத் தொழில்நல ஆணையம் 1992-இல் வெளியிட்ட அறநெறிக் கோவை ஒரு வழிகாட்டுகிறது. இன்னார் இப்பணிக்குத் தகுதியானவரா, எவ்வெப்பணி அவருக்கு ஆகாது என்பதை மட்டுமே மருத்துவர் மேலிடத்துக்கு அறிவிக்கவேண்டும். நோயின் விவரம் நோயாளிக்கே உரியது. படையில் இந்த மறைபொருள் காத்தலுக்கு எல்லைகள் உண்டு. அமெரிக்கச் சட்டம், பணித்தகுதி தொடர்பானவற்றைத் தளபதிக்குத் தெரிவிக்க இடமளிக்கிறது. அப்படியானால், தாம் சொல்லவேண்டியிருப்பது இன்னதென்று மருத்துவர் முன்கூட்டியே வீரனிடம் சொல்லிவிடுவதே நேர்மை. இருவரில் எவரையும் ஏமாற்றாமல் இருவர்க்கும் பணிபுரிய அதுவே வழி.

அஞ்சத்தக்க இன்னொரு தவறும் உண்டு, அது மௌனம். ஈராக்கின் பலாத் விமானத்தளத்தில், நெகிழி முதல் மருத்துவக் கழிவுவரை திறந்த குழியில் எரிக்கப்பட்டன. 2006-இல் அங்கிருந்த படையின் சுகாதாரப் பொறியாளர் ஒருவர் அதன் கேட்டை எழுத்தில் எச்சரித்தார். அப்புகையை முகர்ந்தோரின் பல நோய்களுக்குப் பணியே காரணம் எனக் கொள்ளும் சட்டம் 2022-இல்தான் நிறைவேறியது. வியட்நாமில் 1962 முதல் 1971 வரை களைக்கொல்லிகள் தெளிக்கப்பட்டன. அவற்றுள் ஏஜென்ட் ஆரஞ்சுக்கு ஆட்பட்ட வீரர்களுக்கான அத்தகைய சட்டம் வந்தது 1991-இல். காரணம் இதுவெனச் சட்டமே ‘கொள்ள’வேண்டி வந்தது ஏன்? யார், எங்கே, எவ்வளவு சுவாசித்தார் என்பதைத் தனிமனிதன் மெய்ப்பிக்க இயலவில்லை. போதிய பதிவுகள் இல்லை. நோய் வருவதற்கு முன்பே எழுதப்படும் ஒரு வரி, இருபது ஆண்டுகள் கழித்து ஒரு கைம்பெண்ணின் கையிலுள்ள ஒரே சான்றாக அமையலாம்.

எனவே, ஆணைக்கு உட்பட்ட மருத்துவர் போரை நிறுத்த வல்லவரல்லர். குழியை மூடும் அதிகாரமும் பலவேளை அவரிடம் இல்லை. ஆயினும் கேட்கலாம், கண்டதை எழுதலாம், எழுதியதை மாற்ற மறுக்கலாம். பெரிய அதிகாரத்தின்முன் சிறியவனுக்கு எஞ்சும் உரிமை இதுதான். இதைக் கைவிடுவோர் தம் மனச்சான்றையே கைவிடுகிறார்கள்.

ராமஸ்ஸினியின் கேள்வி மருத்துவமனையில் பிறக்கவில்லை, அவர் வீட்டு முற்றத்தில் பிறந்தது என்பதை மறவாதிருப்போம். நம் வீட்டுக் குழியைத் தூர்வார வருபவரிடமும், நம் சுவருக்கு வண்ணம் பூச வருபவரிடமும் நாம் கூலியைப் பற்றித்தான் பேசுகிறோம். அவர் கண்களை நாம் பார்த்ததுண்டா?