'இதுகூடத் தெரியாதா?'

ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். வேலைக்குப் புதுசா வரும் ஒரு தம்பியை, வேலை தெரிந்த அண்ணன் எவ்வளவு தூரம் வாட்டலாம்? "நாங்க பட்டோம், நீயும் படு" என்பது நியாயமா?

இப்போது பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் படிக்கிறேன். அதற்கு முன் என் தேசிய சேவையைத் தீயணைப்பு வீரனாகச் செய்தேன். எந்த நிலையம் என்று எழுதப் போவதில்லை. இதில் வரும் தப்பு என்னுடையது.

முதலில் ஊருக்கே தெரிந்த ஒன்று. 2018 மே மாதம், துவாஸ் வியூ தீயணைப்பு நிலையம். சேவை முடியப்போகும் 22 வயது இளைஞரைக் கொண்டாட்டம் என்ற பெயரில் சக வீரர்கள் பம்ப் கிணற்றில் இறங்கச் சொன்னார்கள். ஒருவர் தள்ளிவிட்டார். கிணறு 12 மீட்டர் ஆழம். அதில் 11 மீட்டர் தண்ணீர். அந்த இளைஞர் பிழைக்கவில்லை. இந்த வழக்கத்துக்குப் பெயர் 'கோலாம்'. மலாயில் குளம் என்று அர்த்தம். நம்முடைய 'குளம்' தான் அங்கே போய் அப்படி ஆயிற்று. தடை செய்யப்பட்ட வழக்கம், ஆனாலும் நடந்தது. தள்ளியவர் மட்டுமல்ல, அங்கே பொறுப்பில் இருந்த மேலதிகாரிகளும் சிறைக்குப் போனார்கள்.

நான் சேவைக்குப் போகும்போது அம்மா இதை நினைத்துத்தான் பயந்தார். "என்னை யாரும் தள்ள மாட்டாங்கம்மா, நானும் யாரையும் தள்ள மாட்டேன்" என்றேன். சொன்னபடி யாரையும் தண்ணீரில் தள்ளவில்லை.

எட்டு மாதம் போனது. நானும் சீனியர் ஆனேன். அகாடமியில் பயிற்சி முடித்து ஒரு தம்பி எங்கள் ரோட்டாவுக்கு வந்தான். நம்ம பையன். ஒரு நாள் காலையில் பிஏ செட்டைச் சரிபார்க்கும்போது, "அண்ணே, உள்ள போனப்புறம் எத்தனை நிமிஷத்துக்கு ஒருவாட்டி கேஜ் பார்க்கணும்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. நான் சொன்ன பதில்: "இதுகூடத் தெரியாதா? அகாடமியில தூங்கினியா?" மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று இங்கிலீஷில் ஒரு தடவை திருப்பிச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நான் வந்த புதுசில் எனக்கும் இதே மாதிரி நடந்தது. அதனால் இது தப்பு என்றே தோன்றவில்லை.

அதற்குப் பிறகு அவன் என்னிடம் எதையும் கேட்கவில்லை. பையன் தேறிட்டான் என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்துத் தேடல் பயிற்சி. புகை நிரப்பிய அறை. கேஜை முகமூடிக்கு ஒட்டிப் பிடித்தால்தான் முள் தெரியும். சுவரைத் தொட்டபடி நான் முன்னால், அவன் பின்னால். ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். 6.8 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தம் என்றால் ஏறக்குறைய 2000 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் இழுத்தால் 50 நிமிடம் வரும். பதற்றத்தில் 80 லிட்டர் இழுத்தால் 25 நிமிடத்தில் காலி. தைரியசாலிக்குத் தனி சிலிண்டர் கிடையாது.

நாங்கள் இன்னும் உள்ளே இருக்கும்போதே அவனுடைய விசில் கத்த ஆரம்பித்தது. காற்று தீரப்போகிறது என்ற எச்சரிக்கை. பயிற்சி என்பதால் பத்திரமாக வெளியே வந்தோம். எஞ்சே (வாரண்ட் ஆபிசரை அப்படித்தான் கூப்பிடுவோம்) அவன் கேஜைப் பார்த்தார். "ஏன் முன்னாடியே சொல்லல?" அவன் பேசவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அதுதான் எனக்குக் குத்தியது. பிறகு எஞ்சே என்னைப் பார்த்தார். "நீ கேட்டியா?"

அவ்வளவுதான். தண்டனை இல்லை, கத்தல் இல்லை. அடுத்த ஷிப்டில் அதே பயிற்சி. இந்தத் தடவை தம்பி முன்னால், நான் பின்னால். சில மீட்டருக்கு ஒருமுறை நின்று, "அண்ணே, எவ்வளவு இருக்கு?" என்று அவன் கேட்க வேண்டும், நான் சொல்ல வேண்டும். முதல் தடவை அவன் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. கடைசியில் நன்றாகவே கேட்டது.

கர்ணன் கதை நமக்குத் தெரியும். வண்டு தொடையைத் துளைத்தபோதும் குருவின் தூக்கம் கெடக்கூடாது என்று அசையாமல் இருந்தான். சின்ன வயதில் இதைப் பொறுமைக்கு உதாரணமாகத்தான் கேட்டேன். இப்போது கேட்டால், வலிக்கிறது என்று சொல்லவிடாத அந்த இடம்தான் கண்ணில் படுகிறது. ரத்தம் வடிந்த பிறகும் அவனுக்குக் கிடைத்தது சாபம்.

"அப்படின்னா கண்டிப்பே வேண்டாமா? நெருப்பு என்ன பாசமா பேசுமா?" என்று ஒரு நண்பன் கேட்டான். கண்டிப்பு வேண்டும். ஹோஸ் கனமாகத்தான் இருக்கும். பயிற்சிச் சூளை சுடத்தான் செய்யும். சரியாக முகமூடி மாட்டாதவனைப் பத்து தடவை மாட்ட வைக்கத்தான் வேண்டும். அந்தக் கஷ்டம் எல்லாம் வேலையிலிருந்து வருவது. ஏன் என்று கேட்டால் பதில் இருக்கிறது. நான் அவனை வைத்துச் சிரித்ததற்கு என்ன பதில்? அந்தப் பையனின் அம்மா வந்து கேட்டால் என்ன சொல்லியிருப்பேன்? கிணற்றுக்கும் என் கிண்டலுக்கும் ஆழத்தில் பெரிய வித்தியாசம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இரண்டும் நடந்தது, 'வேண்டாம்' என்றோ 'தெரியல' என்றோ ஒருவன் சொல்ல முடியாத இடத்தில்.

நான் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க நினைத்த ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் யாராவது இருந்தார்கள். சிரித்தபோதும் பக்கத்தில் ஆள் இருந்தார்களே, அப்போது கூச்சம் வரவில்லை. அவனும் இப்போது சேவையை முடித்திருப்பான். ரிசர்விஸ்ட்டுக்கு எங்களை ஒன்றாகக் கூப்பிட்டால் அந்த முற்றத்தில் பார்ப்பேன். அவன் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.