கடலாடுதலும் பக்தியும்

திருச்செந்தூரில் விடியற்காலையில் கடலாடுகிற ஒருவன், அலைகளின் நடுவே தன்னை மறந்து மகிழ்ந்து திளைத்துவிட்டு, அதன்பின் சந்நிதியை நோக்கி நடக்கும்போது, அந்த மகிழ்ச்சி அவனுடைய தீர்த்த ஸ்நானத்தின் பயனைப் பெருக்குகிறதா அல்லது குறைக்கிறதா என்று கேட்டால், அது அற்பமான கேள்வியாகத் தோன்றலாம். ஆயினும், சரீர சுகத்துக்கும் சமய வாழ்வுக்கும் உள்ள சம்பந்தம் யாது என்கிற பழைய விவகாரம் முழுவதும் அதனுள் அடங்கியிருக்கிறது. புலனின்பம் யாவும் ஆன்மாவுக்குத் தளை என்று கருதுவோர், சங்கல்பம் சொல்லி மும்முறை முழுகி எழுந்து போய்விட வேண்டுமே அல்லாமல், அலையில் நின்று களிப்பது பக்திக்கு இழுக்கு என்பர். அந்தக் கட்சி எனக்கு உடன்பாடு அன்று.

முதலில் அந்த இன்பத்தின் இயல்பைக் கவனிப்போம். பகலில் காய்ந்த நிலம் இரவில் விரைந்து குளிர்ந்துவிட, கடலோ தன் வெப்பத்தை எளிதில் இழக்காதிருப்பதால், பின்னிரவு தொடங்கிச் சூரியோதயம் வரையில் காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலை நோக்கியே மெல்ல வீசுகிறது. ஆகையால் பிற்பகலில் ஆர்ப்பரிக்கும் அலைகள் அவ்வேளையில் தணிந்திருக்கின்றன. கரையில் நடக்கும்போது சிலிர்த்த உடம்பு, நீரில் இறங்கியதும் வெதுவெதுப்பான அணைப்பை உணர்கிறது. இரவில் வற்றிய நீர் விட்டுச்சென்ற ஈரமணல் காலுக்கு இறுகிக் கொடுக்க, நண்டுகள் வளைவாயிலில் உருட்டிப் போட்ட மணல் மணிகளை மிதிக்காமல் விலகி நடந்து, கீழ்வானம் வெளுத்துச் சிவக்கும்வரை நீந்திக் கிடப்பவனுக்கு, ஒரு லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பைக் கரைத்து வைத்திருக்கும் அந்த நீர், ஆற்றுநீரைக் காட்டிலும் இலேசாக உடம்பைத் தாங்கிக் கொடுக்கிறது. இதற்கு அவன் விலை ஏதும் கொடுக்கவில்லை. இதை அவனால் வீட்டுக்கு எடுத்துச் செல்லவும் முடியாது.

நம் முன்னோர் இவ்வின்பத்தைச் சமயத்துக்குப் புறம்பாக எண்ணியதாகத் தெரியவில்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காவிரி கடலோடு கலக்கும் புகார்த் துறையை வருணிக்குமிடத்தில், தீவினை நீங்கக் கடலில் ஆடுவதையும், உடம்பில் படிந்த மாசு போக ஆற்றில் முழுகுவதையும் சொல்லி, அதே மூச்சில் நண்டுகளை விரட்டி ஆடுவதையும் வலிய அலைகளோடு பொருது விளையாடுவதையும் சேர்த்துச் சொல்கிறார். அவ்வாறு மக்கள் பகலெல்லாம் விளையாடிய அத்துறையை, அடைதற்கரிய சுவர்க்கத்துக்கே ஒப்பிடுகிறார். தீவினை நீங்கும் இடம் வேறு, விளையாடும் இடம் வேறு என்று அவர் பிரித்தாரில்லை. கடலில் ஆடியபின் நன்னீரில் ஆடும் அந்த முறை இன்றும் வாழ்கிறது. திருச்செந்தூரில் கடலில் முழுகியவர்கள் பக்கத்திலேயே ஊறுகிற நாழிக்கிணற்று நன்னீரிலும் நீராடிவிட்டே முருகனைத் தரிசிக்கிறார்கள். இராமேசுவரத்தில் அக்கினி தீர்த்தமாகிய கடலில் ஆடிய பிறகு கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களிலும் நீராடுகிறார்கள்.

தத்துவத்தின் பக்கம் திரும்பினாலும் இதற்கு விரோதமில்லை. சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்குப் பரம்பொருள் எங்கும் கலந்திருக்கும் தன்மையை உணர்த்த விரும்பியபோது, இரவில் நீரில் உப்பை இடச் செய்து, காலையில் அதை எடுத்துத் தரும்படி கேட்டு, அவன் காணமாட்டாமல் நிற்கவே, மேலும் நடுவும் அடியுமாக அந்நீரைச் சுவைத்துப் பார்க்கச் சொன்னார். கண்ணுக்கு மறைந்தது நாவுக்குப் புலப்பட்டது. ஞானத்தின் உச்சத்தைச் சொல்ல வந்த அந்த ஆசிரியர் இந்திரியத்தைப் பகையாகக் கருதாமல் சாட்சியாக அழைத்தார் என்பது சிந்திக்கத்தக்கது.

அப்படியானால் உடம்புக்கு இனியவை யாவும் பக்திதானா என்று ஒருவர் கேட்கலாம், நியாயமான கேள்வியே. எந்த இன்பம் ‘இது எனக்கு, இன்னும் எனக்கு’ என்னும் வேட்கையை வளர்க்கிறதோ அது தளை. எந்த இன்பத்தில் ‘நான்’ என்னும் முனைப்புச் சற்றேனும் தேய்கிறதோ அது வழிபாட்டுக்கு வாயில். கடலாடும் இன்பம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஆயிரம் பேர் ஆடினாலும் ஒருவன் பங்கு குறைவதில்லை; செல்வனுக்கு உயர்ந்த அலையும் ஏழைக்குத் தாழ்ந்த அலையும் வருவதில்லை. கோயிலோ அப்படி இருக்கவில்லை; சென்னை மாகாணத்தில் எல்லாச் சாதியாருடைய ஆலயப் பிரவேசத்துக்கும் 1947ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டியிருந்தது. குளத்தையும் கிணற்றையும் கூடச் சிலருக்கு மறுத்த சமூகம் நம்முடையது. பிறர்க்கு மறுத்து நாம் காக்கும் புனிதத்தில் அகங்காரமே வளர்கிறது. யாவரோடும் கூடி அடையும் மகிழ்ச்சியிலோ அது கரைகிறது. கணக்குப் பார்த்துச் செய்யும் ஸ்நானத்தில் ‘என் புண்ணியம்’ என்கிற உடைமை உணர்ச்சி மிஞ்சுவதற்கு இடமுண்டு. மகிழ்ந்து ஆடுகிறவனிடத்திலோ நன்றி ஒன்றே மிஞ்சுகிறது. நன்றியைக் காட்டிலும் சிறந்த அர்ச்சனை எது?

ஆதலால் அன்பர்களே, தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் மாத்திரம் கடலை நாடாமல், சாதாரணமான ஒரு நாளிலும் பொழுது புலருமுன் கரைக்குச் சென்று நடவுங்கள். நீரோட்டத்தின் போக்கை அவ்வூர் மீனவரிடம் கேட்டறிந்து, அவர் காட்டும் இடத்தில் இறங்கி, கூச்சமின்றி மகிழ்ந்து ஆடுங்கள். குழந்தைகளையும் உடன் அழைத்துச் சென்று கரையோரத்தில் விளையாட விடுங்கள். தோஷம் கழியும் என்று உடுத்த துணியை நீரில் விட்டுவருகிற வழக்கத்தை மட்டும் அடியோடு நிறுத்துங்கள். அடுத்து ஆட வருகிறவருடைய காலில் சிக்குவது உங்கள் தோஷம் அன்று, உங்கள் துணியே.