பின்னலும் பிரிவும்



வீட்டுப் பிள்ளை மேல்படிப்புக்காக வெளியூர் புறப்பட இன்னும் பத்தே நாட்கள் இருக்கின்றன. அந்தப் பத்து நாட்களும் பெற்ற தாய் நூலும் ஊசியுமாகக் கைவேலையில் உட்கார்ந்திருக்கிறாள். இது சரியா, தவறா? சென்ற ஆண்டு என் சொந்த வீட்டில் எழுந்த கேள்வி இது. அப்போது நான் தவறு என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அந்தத் தீர்ப்பில் நியாயம் எவ்வளவு, அநியாயம் எவ்வளவு என்று பிறகு நிதானமாக யோசித்ததையே இங்கே எழுதுகிறேன். நான் மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்ததோடு சரி. காம்பாரில் நூல், ஊசி, பொத்தான், துணிமணி விற்கிற கடைக்காரன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் காம்பார் ஈயத்தால் வளர்ந்த ஊர். ஈயத்தின் காலம் முடிந்து, தோண்டிய பள்ளங்கள் குளங்களாகி நின்ற நிலத்தில், 2007ஆம் ஆண்டு துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தின் வளாகம் வந்தது. அன்று முதல் நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் பிள்ளைகள் இங்கே வந்து தங்கிப் படிக்கிறார்கள். புதுப் பிள்ளைகள் சேரும் நாட்களில் என் கடைவாசலில் வெளியூர்க் கார்கள் நிற்கும். தலையணை உறை, துணிக் கிளிப்பு, கொடிக்கயிறு என்று தாய் ஒவ்வொன்றாக எடுப்பாள். தகப்பன் பணப்பையைக் கையில் பிடித்தபடி நிற்பார். பிள்ளை வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே பார்க்கும். நான் விலையைச் சொல்லி, மீதியைக் கொடுத்து அனுப்புவேன். அந்தத் தாய் திரும்பிப் போகிற வீட்டில் அன்றிரவு ஒரு தட்டு குறைவாக வைக்கப்படும் என்பது ஒரு நாளும் என் நினைவுக்கு வந்ததில்லை.

பிறகு எங்கள் முறை வந்தது. பிறர் பிள்ளைகள் படிக்க எங்கள் ஊருக்கு வருகிறார்கள். எங்கள் மகளுக்கோ கெடாவில் தாய்லாந்து எல்லைப் பக்கம் இருக்கிற சிந்தோக்கில், உத்தாரா மலேசியப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தூரம். அல்ஹம்துலில்லாஹ் என்று சந்தோஷப்பட்டோம். சந்தோஷம் அடங்கியதும் நாட்களை எண்ணத் தொடங்கினோம்.

என் வீட்டில் கொக்கி ஊசியால் கோப்பியா பின்னுவார்கள். பொழுதுபோக்காகத் தொடங்கியது, தெரிந்தவர்கள் கேட்கக் கேட்கச் சிறு வருமானமாக ஆயிற்று. கல்லூரிக் கடிதம் வருவதற்கு இரண்டு மாதம் முன்பே ஒரு நிக்காஹ் வீட்டாருக்கு முப்பது கோப்பியா பின்னித் தருவதாக ஒப்புக்கொண்டு, முன்பணமும் வாங்கியிருந்தார்கள். மகள் புறப்பட்ட நான்காம் நாள் அந்த நிக்காஹ். பத்து நாள் மிச்சமிருக்கும்போது இன்னும் பன்னிரண்டு கோப்பியா பாக்கி.

"பிள்ளை போகப்போகிறாள், நீ நூலைக் கட்டிக்கொண்டு அழுகிறாய். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடு" என்று சத்தம் போட்டேன்.

"வாக்குக் கொடுத்திருக்கிறேனுங்க" என்று மட்டும் பதில் வந்தது. ஊசி நிற்கவில்லை.

கல்நெஞ்சு என்று நினைத்தேன். இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

என் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பிள்ளை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பதினெட்டு, பத்தொன்பது ஆண்டுகள் கூட இருந்த பிள்ளை வீட்டை விட்டுப் போகும் கடைசி நாட்கள் திரும்பி வரமாட்டா. கோப்பியாவைக் கடையிலும் வாங்கிக்கொள்ளலாம். இந்த நாட்களை எந்தக் கடையில் வாங்குவது? இது வலுவான வாதம் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. வாக்கும் அமானிதம்தான். நூலை உறுதியாக முறுக்கி நூற்றபின் அதைத் தானே பிரித்துப் போட்ட ஒரு பெண்ணை, சூரா நஹ்லில் அல்லாஹ் உவமையாகக் காட்டுகிறான். உடன்படிக்கை செய்து அதை முறிக்கிறவர்கள் அவளைப்போல் ஆகவேண்டாம் என்பது அதன் கருத்து. மதரஸாவில் இதை ஓதியிருக்கிறேன். ஆனால் நூல் விற்கிற என் வீட்டிலேயே அது கேள்வியாக வந்து நிற்கும் என்று எண்ணியதில்லை.

இதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. அந்தப் பத்து நாளும் நான் எங்கே இருந்தேன்? காலை ஒன்பது மணி முதல் இரவு ஒன்பது மணி வரை கடையில் இருந்தேன். "மகள் போகப்போகிறாள், கடையைச் சாத்து" என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. மொத்த வியாபாரி ஒருவருக்கு நான் வாக்குக் கொடுத்திருந்தால், அதை முறிக்கச் சொல்லி வீட்டார் கேட்டிருப்பார்களா? கேட்டால்தான் நான் சம்மதித்திருப்பேனா? ஆண் செய்தால் தொழில், பெண் செய்தால் பொழுதுபோக்கு என்று ஒரே தராசில் இரண்டு விதப் படிக்கல்லை வைத்து நிறுத்திருக்கிறேன். கடைக்காரன் செய்யக்கூடாத காரியம் அது.

நம் சமுதாயத்திலே கைவேலை வெறும் பொழுதுபோக்காக இருந்ததே இல்லை. என் பாட்டனார் கடையநல்லூர்க்காரர். அப்போது திருநெல்வேலிச் சீமை. 2019 முதல் தென்காசி மாவட்டம். அங்கே நம்மவர்களுக்குத் தறிதான் சோறு போட்டது. தறி நலிந்தபோது குடும்பம் குடும்பமாக மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறினார்கள். பெண்களும் வந்தார்கள். சிங்கப்பூரில் அந்தப் பெண்கள் அம்மியில் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கியது தெரிந்த சரித்திரம். அதே சீமையில் பத்தமடை என்ற ஊர் இருக்கிறது. ஆற்றோரம் வளரும் கோரையை நீரில் ஊறவைத்து, இழையிழையாகக் கீறி, பட்டுத்துணியைப்போல் மடிக்கக்கூடிய பாயை அங்கே நம் பெண்மக்கள் நெய்கிறார்கள். 1953இல் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவுக்கு அந்தப் பாய் போயிற்று. 2013இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நபி தாவூது (அலை) அவர்கள் தம் கை உழைப்பிலேயே உண்டார்கள் என்றும், நம் நாயகம் (ஸல்) அவர்கள் தம் காலணியையும் ஆடையையும் தாமே தைத்துக்கொண்டார்கள் என்றும் நாம் கேட்டிருக்கிறோம். இத்தனையும் கேட்ட காது, வீட்டிலே ஊசி பிடித்த கையை மட்டும் இளப்பமாக எண்ணியது.

அந்தக் காலத்தில் தறி சோறு போடாததால் பிள்ளைகள் பிரிந்து போனார்கள். இன்று பிள்ளை படிப்புக்காகப் போகிறது. காரணம் மாறிவிட்டது, பின்னால் நிற்கிற தாயின் நிலை மாறவில்லை.

ஐந்தாம் நாள் இரவு கடை சாத்தி வந்தேன். முடிந்துபோன ஒரு கோப்பியாவை என் மனைவி பிரித்துக்கொண்டிருக்கக் கண்டேன். கண்ணீர் மறைத்ததில் கண்ணி எண்ணிக்கை தவறிப்போயிருக்கிறது. கல்நெஞ்சு என்று நான் நினைத்தது அப்போதுதான் உடைந்தது. சற்று நேரத்தில் மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பிரிந்த நூலைக் கையில் வாங்கி உருண்டையாகச் சுற்றத் தொடங்கினாள். இருவரும் முகத்தைப் பார்க்கவில்லை. நூலைப் பார்த்தபடியே பேசினார்கள். அறைத்தோழி எப்படிப்பட்டவளாக இருப்பாளோ, காய்ச்சல் வந்தால் யாரிடம் சொல்வது, பாடம் புரியாமல் போனால் திரும்பி வந்துவிடலாமா என்றெல்லாம் மகள் கேட்டாள். சாப்பாட்டு மேஜையில் நான் எத்தனை முறை விசாரித்தும் "ஒன்றுமில்லை அத்தா" என்றே சொன்னவள் அவள். அந்தப் பேச்சு பன்னிரண்டு மணி வரை நடந்தது. அடுத்த இரவுகளிலும் நடந்தது.

அன்று எனக்கு விளங்கியது இது. கைவேலைக்கு இத்தனை மணி, பிள்ளைக்கு இத்தனை மணி என்று கணக்குப்புத்தகத்தில் இரண்டு பத்தி போட்டுப் பிரிப்பது சமநிலை ஆகாது. வேலையின் பக்கத்திலே பிள்ளை வந்து உட்கார ஓர் இடம் இருக்கிறதா என்பதே கேள்வி. இடம் இருந்தால் வேலை பிள்ளைக்குப் பகையல்ல. இடம் இல்லாவிட்டால், அது இபாதத்தாக இருந்தாலும் பிள்ளைக்கு மூடிய கதவுதான்.

நானும் இரண்டு நாள் அஸருக்குப் பிறகு கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன். மகளுக்கு எதிரே உட்கார்ந்தேன். என்ன பேசுவதென்று தெரியவில்லை. நேரம் மிச்சம் வைத்திருந்தேனே தவிர, பக்கத்தில் உட்காரும் பழக்கத்தை நான் வைத்திருக்கவில்லை. அவளே இரக்கப்பட்டு, "செலவுக் கணக்கு எழுதக் கற்றுக்கொடுங்க அத்தா" என்றாள். வரவு இடப்பக்கம், செலவு வலப்பக்கம் என்று கோடு போட்டுக் கொடுத்தேன். அந்த நோட்டு இன்றும் அவளிடம் இருக்கிறது. என் கைவேலை அதுதான் போலும்.

எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்லிவிட்டால் பொய்யாகும். புறப்படுவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, ஈப்போவுக்குப் போய்ச் செருப்பு வாங்கிவரலாம் என்று மகள் தாயைக் கூப்பிட்டாள். நான்கு கோப்பியா பாக்கி என்று தாய் போகவில்லை. மகள் தோழியோடு போய் வந்தாள். செருப்பு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் மனைவி இன்றும் சொல்வார்கள்: "அன்றைக்கு மட்டும் போயிருக்கலாம். அந்த நான்கையும் ராத்திரியில் பின்னியிருப்பேன்." ஆகவே கைவேலை ஒளிந்துகொள்ளும் இடமாகவும் ஆகிவிடும். அன்று பிடித்து நிறுத்தியது வாக்கா, கடைசியாகக் கூடப் போய் வருகிற வேதனையைத் தாங்க முடியாத மனமா என்று அவர்களுக்கே தெரியவில்லை. நான் கடையில் ஒளிந்துகொண்டதும் அப்படித்தான். உழைப்பு ஹலால், உழைப்பைக் காட்டி அன்பிடமிருந்து ஓடுவதை நம் மனம் அறியும், அல்லாஹ்வும் அறிவான்.

மகள் போனாள். முப்பது கோப்பியாவும் சொன்ன நாளில் போய்ச் சேர்ந்தன. வீடு வெறிச்சோடியது. பிறகு அடுத்த சோதனை தொடங்கியது. சிந்தோக்குக்கு என்று கம்பளி நூலில் ஒரு மேலாடை ஆரம்பமாயிற்று. நம் நாட்டு வெயிலில் கம்பளி எதற்கு என்று சிரித்தேன். வகுப்பறையில் குளிர்சாதனம் என்று விடை வந்தது. அதன் பிறகு மேஜை விரிப்பு, புத்தகப் பை, இன்னொரு பை. ஒரு நாள் மகளே தொலைபேசியில், "அம்மா, அறையில் வைக்க இடமில்லை" என்று மெதுவாகச் சொன்னாள். கொடுப்பது அன்பளிப்பா, பிள்ளையின் காலில் கட்டும் கயிறா என்று நாம் அவ்வப்போது கேட்டுக்கொள்ள வேண்டும்.

நபி மூஸா (அலை) அவர்களின் தாயாரை நினைத்துப் பார்க்கிறேன். குழந்தையை ஆற்றில் விட்டார்கள். உள்ளம் வெறுமையாயிற்று. உண்மையை வெளியிட்டுவிடும் அளவுக்குத் தவித்த அந்த உள்ளத்தை அல்லாஹ் உறுதிப்படுத்தினான். அவர்கள் ஆற்றில் குதித்துப் பெட்டியைப் பிடித்து இழுக்கவில்லை. தூரத்திலிருந்து பார்த்து வரும்படி மகளை அனுப்பினார்கள். அல்லாஹ் பிள்ளையை அவர்களிடமே திருப்பிக் கொடுத்தான். விடவும் தெரிந்திருந்தது, கண்ணை எடுக்காதிருக்கவும் தெரிந்திருந்தது.

ஒரு கோப்பியாவைத் தொடங்குகிறவளே அதன் கடைசி முடிச்சையும் போடுகிறாள். கண்ணி தவறினால் பிரித்து மறுபடி பின்னலாம். பிள்ளை அப்படியல்ல. தவறிய வெள்ளிக்கிழமையைப் பிரித்துப் பின்ன முடியாது. கடைசி முடிச்சும் நம் கையில் இல்லை.

ஆகவே பிள்ளையை அனுப்பப்போகிற பெற்றோருக்கு இந்தக் கடைக்காரன் சொல்வது இவ்வளவுதான். வேலை ஒப்புக்கொள்ளும்போதே நாட்காட்டியைப் பாருங்கள். ஒப்புக்கொண்ட வாக்கை முறிக்காதீர்கள். வேலையின் பக்கத்தில் ஒரு பாயை விரித்து வையுங்கள். பிள்ளை "கூட வாங்க" என்று கூப்பிட்டால், ஊசியைக் குத்தி வைத்துவிட்டு, கல்லாவைப் பூட்டிவிட்டு, எழுந்து போங்கள். இது தாய்க்கு மட்டுமல்ல, தகப்பனுக்கும் சேர்த்துத்தான்.

வெளியூரில் படிக்கும் நம் பிள்ளைகள் எல்லோரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.