திறக்காத கால்வாய்

2023 பிப்ரவரி கடைசியில், ஒட்டாவாவின் ரிடோ கால்வாய் அந்தக் குளிர்காலத்தில் ஸ்கேட்டிங்குக்குத் திறக்கப்படாது என்று அறிவித்தார்கள். 1971இல் தொடங்கிய வழக்கம். நகரத்தின் நடுவே 7.8 கிலோமீட்டர் உறைந்து கிடக்கும். பனிக்கட்டி ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் தடித்தால்தான் மக்களை இறங்க விடுவார்கள். அந்த வருடம் அது தடிக்கவே இல்லை. இப்படி நடந்தது அதுவே முதல் முறை.

செய்தியைப் படித்ததும் எனக்கு வருத்தம் வந்ததென்று எழுத ஆசைதான். வரவில்லை. இருபது வருடத்துக்கு முன் முதுகலை படிக்க வந்தவன் நான்; குளிரோடு எனக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. அந்த ஜனவரி கடிக்காமல் போனது. "குளிரு எப்படிடா இருக்கு?" என்று ஊரிலிருந்து அம்மா கேட்டபோது, "பரவாயில்லம்மா, ஊட்டி மாதிரிதான்" என்று நானே ஏற்பாடு செய்ததுபோலச் சொன்னேன்.

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. நவம்பரில் வாங்கிய ஸ்கேட்டிங் ஷூவை மார்ச்சில் பெட்டியோடு பரணில் ஏற்றினேன். அடுத்த குளிர்காலத்துக்குள் அவள் கால் வளர்ந்துவிட்டது. கால்வாயில் ஒரு நாள்கூட இறங்காத ஷூவை யாருக்கோ கொடுத்தோம். நான் பொறுத்துக்கொள்ளும் குளிர்தான் அவளுடைய ஊர் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நமக்குச் சுகமாக இருக்கும் ஒன்று தீங்கின் அடையாளம் என்று தெரிந்த பிறகு, அந்தச் சுகத்தை என்ன செய்வது? இந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க எனக்கு ஒரு வழி இருந்தது: அரசாங்கத்தைத் திட்டுவது. கியோட்டோ ஒப்பந்தத்தை கனடா 2002இல் ஏற்று, 2011இல் விலகுவதாக அறிவித்தது. விருந்துகளில் இதைச் சொல்லும்போதெல்லாம் 'அவர்கள்' என்றுதான் வாயில் வரும்.

2025 ஜனவரியில் கால்வாய் திறந்தது. மார்ச் வரை தாங்கியது. ஒரு குளிர்காலத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது என்பவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான், ஆனால் அது நல்ல குளிர்காலத்துக்கும் பொருந்தும். என் வேலையில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். சர்வர் விட்டுவிட்டு எச்சரிக்கை அனுப்பும். பச்சை விளக்கு எரிந்ததும் 'சரியாகிவிட்டது' என்று எழுதிப் பதிவை மூடிவிடுவோம். ஒருநாள் மொத்தமாக விழும்போது பழைய பதிவுகளைத் தோண்டினால், மூடியவர் பெயர் நம்முடையதாக இருக்கும்.

அந்த வருடம் ஏப்ரல் 1 அன்று பெட்ரோல் மீதிருந்த கார்பன் வரியை எடுத்தார்கள். தேர்தல் நெருங்கியிருந்தது, 2019இல் கொண்டுவந்த கட்சியே எடுத்தது. முந்தைய நாள் என் காரில் முள் சிவப்பைத் தொட்டிருந்தது. நான் பெட்ரோல் போடவில்லை. காத்திருந்தேன். லிட்டருக்கு 17.6 சென்ட், ஐம்பது லிட்டருக்கு ஒன்பது டாலர்கூட இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு எங்கள் கணக்கில் திருப்பிப் போட்ட பணத்தை நான் ஒருமுறையும் இந்தக் கணக்கில் சேர்த்துப் பார்த்ததில்லை. பங்கில் தெரிந்த விலை மட்டும் மனதில் நின்றது. அவர்களுக்கு என்னை நன்றாகத் தெரிந்திருந்தது.

என் ஒருவனுடைய ஐம்பது லிட்டரால் கால்வாய் உருகவில்லை என்று வாதாடலாம். உண்மை. ஆனால் அன்று காலை பங்கில் எனக்கு முன்னால் ஆறு கார்கள் நின்றன. ஒவ்வொன்றிலும் அதே வாதத்தோடு ஒருவர் இருந்திருப்பார்.

போன நவம்பரில் மறுபடி ஷூ வாங்கப் போனோம். வளர்கிற பிள்ளை, அடுத்த வருடமும் போடலாம், ஓர் அளவு பெரிதாக எடுக்கலாமே என்றார் கடைக்காரர். நான் தலையாட்டப் போனேன்.

"வேண்டாம்பா," என்றாள் மகள். "இந்த வருஷத்துக்குச் சரியா இருந்தாப் போதும்."